வயர்மேன் கட்டிய முடிச்சு

கோழிக்குஞ்சு வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பல்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பெட்டி எப்படியும் கிடைத்துவிடும். இப்போது கடையில் விற்கிற பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுக்கு வேண்டியது சூடு. பழைய குண்டு பல்பாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் வயர்மேன். அவருடைய பையில் பழைய துணியில் சுற்றிய குண்டு பல்புகள் எப்போதும் கிடக்கும்.

கிடந்தன என்று சொல்ல வேண்டும். அந்தப் பையை நான் பரணில் ஏற்றிவிட்டேன்.

என்ன இவள் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாளே என்று தப்பாக நினைக்காதீர்கள், கண்ணுகளா. அழுது புரண்டு சொல்கிறவளுக்கு மனத்தில் கொஞ்சமாவது தெம்பு மிச்சமிருக்கும். எனக்கு வெட்கம்தான் இருக்கிறது. வெட்கத்துக்குச் சத்தம் கிடையாது.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது காலும் வலது கையும் விழுந்தன. கால் சீக்கிரம் திரும்பிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். கை மட்டும் வரவில்லை. நான் குளிப்பாட்டினேன், சட்டை மாட்டினேன், பிசைந்து ஊட்டினேன். ரொம்பக் கஷ்டமா என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது பொய்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எனக்குக் கிடைத்தது அப்போதுதான். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. தெருவுக்குச் சொந்தமான மனிதர், அவ்வளவுதான். யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் என் வீட்டில் சோறு ஆறும். "அண்ணே" என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் போதும், வாயில் வைத்த கவளத்தை விழுங்கிக்கொண்டே டெஸ்டரை எடுப்பார். எங்கள் சமையலறை டியூப்லைட் மட்டும் மாதக்கணக்கில் விட்டு விட்டு எரியும். கேட்டால், "அது உன்னைப் பாத்துக் கண்ணடிக்குது, அடிச்சுட்டுப் போகட்டுமே" என்பார். நான் சிரித்துவிடுவேன். அவரிடம் முழுசாகக் கோபப்படக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கட்டிலில் விழுந்த பிறகு, நான் எழுந்து அடுப்படிக்குப் போனால் அவர் கண் என் பின்னாலேயே வரும்.

"எங்க போற?" என்பார்.

அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. பால் பொங்கி வழிந்தால் வழியட்டும் என்று திரும்பி வந்து பக்கத்தில் உட்காருவேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வந்தாள். என் மகள் வயதிருக்கும். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். "நான் என்ன தொட்டில் குழந்தையா?" என்று அதை இடது கையால் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டார்.

"இவருக்குப் பந்து சரிப்படாதும்மா" என்றாள் அவள் என்னிடம். "வேலை செஞ்ச கை. அதுக்கு வேலைதான் குடுக்கணும்."

நான் வேலை எதுவும் தேடவில்லை. குஞ்சுக்காரர் மொபெட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு தெருவில் போனபோது நிறுத்தி வாங்கியது, அவர் வேடிக்கை பார்க்கட்டும் என்றுதான். குஞ்சு பின்னறையில் இருந்தால், பார்க்கிறவரும் பின்னறையில் இருப்பார். வாசல் பக்கம் போக மாட்டார்.

குஞ்சுக்காரர் வாய் ஓயாதவர். "அக்கா, முதல்ல ஒவ்வொண்ணையா பிடிச்சு அலகைத் தண்ணியில தொட்டுக் காட்டுங்க. தாய்க்கோழி சொல்லிக் குடுக்க வேண்டியது. இதுங்களைப் பெத்தது மெஷினு. மெஷினுக்கு ஏது வாயி?"

சிரித்துவிட்டு மேலே சொன்னார். "பேப்பர் விரிக்காதீங்க, காலு வழுக்கி அகண்டு போயிடும். மரத்தூள் போடுங்க. பல்புக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா குளிருதுன்னு அர்த்தம். ஓரமா போயி வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா சூடு தாங்கலைன்னு அர்த்தம். அங்கொண்ணு இங்கொண்ணா தூங்கினா, நீங்களும் போய்த் தூங்கலாம். இறகு வளர வளர பல்பைக் கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கணும்."

டிவி வந்த அட்டைப்பெட்டியைக் காட்டினேன். அவர் அதன் மூலையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இதாங்க்கா எமன். குளிர் எடுத்தா மூலைக்கு ஓடும். பின்னாடி வர்றது முன்னாடி நிக்கறதை அமுக்கும். அடியில மாட்டினது மூச்சுமுட்டிப் போயிடும். நாலு மூலையிலயும் அட்டையை வளைச்சுச் சொருகிடுங்க. மூலைன்னு ஒண்ணு இருக்கறதே அதுங்களுக்குத் தெரியக் கூடாது."

வளைத்துச் சொருகினேன். நீங்களும் இதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

பல்பைத் தொங்கவிட்டதும் நான்தான். வயரை அப்படியே விட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"எந்த மடையன் கட்டினது இது?"

"மடையன் இல்ல, உங்க பொண்டாட்டி."

"வயர்ல பாரம் தொங்கக் கூடாதுடி. வயரு கரண்ட் போறதுக்கு. பாரத்துக்குக் கயிறு. கயிறு எடு."

ஸ்டூலில் உட்கார்ந்தார். கயிற்றின் ஒரு முனையை ஹோல்டரில் கட்டி, விட்டத்தின் மேல் போட்டு, மறுமுனையைச் சுவர் ஆணியில் கட்ட வேண்டும். மற்றதையெல்லாம் நான் செய்தேன். ஆணி முடிச்சைத் தானே போடுவதாகச் சொல்லிவிட்டார். கயிற்றை இடது கையில் பிடித்துக்கொண்டு, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்து, "வாடா" என்றார். வீட்டு வாசலில் நின்று மகனைக் கூப்பிடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துச் சுட்டுவிரல் வந்தது.

அந்த முடிச்சுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. பார்க்கச் சகிக்காமல் பெரிதாக இருந்தது. ஆனால் நின்றது.

அதன்பிறகு குஞ்சுகளுக்கு இறகு முளைக்க முளைக்க, பல்பை ஒரு சாண் தூக்கி மறுபடி கட்டுவது அவர் வேலையானது. பிசியோ பெண் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து, "சார், இதான் உங்க பந்து" என்று கைதட்டினாள். ஒவ்வொரு தடவையும் முடிச்சு சிறுத்தது, இறுகியது. நொய்யைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளித் தூவினார். எதையும் கொத்தாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்று மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குஞ்சுக்குச் சூப்பர்வைசர் என்று பேர் வைத்தார். பிறகு சட்டைப் பித்தானைத் தானே போட்டார்.

ஒரு மத்தியானம் நான் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஏற்கெனவே தட்டை மடியில் வைத்து வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி கீழே சிந்தியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்த பையனுடைய முகம்.

"நல்லாயிருக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது. பிசைந்து வந்ததை அடுப்படியில் நின்று நானே சாப்பிட்டேன்.

தெரு மறுபடி வாசலுக்கு வர ஆரம்பித்தது. "அண்ணே, ஏணி எப்ப ஏறப் போறீங்க?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார். "கயிறு கட்டியாச்சு. அடுத்து ஏணிதான்" என்று இவர் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆளில்லை.

"அம்மாவைக் கூப்பிடலாம்னா, உங்களை விட்டுட்டு எப்படிப்பா வருவாங்க?"

"ஏன் வர மாட்டா? நான் அனுப்பி வைக்கிறேன். எனக்குத்தான் கை வந்துடுச்சே." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் எத்தனை நாளைக்குத்தான் எனக்குச் செய்வ? போயிட்டு வா. பேரப்பிள்ளையோட ஆசை தீர இரு. நீ இல்லாட்டியும் நான் சமாளிச்சுடுவேன்."

பரிசு கொடுக்கிறவர் போலத்தான் அதைச் சொன்னார். எனக்கு ஓய்வு கொடுக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன்.

விடாமல் மழை பெய்த ஒரு நாள். காலையில் அவர் பல்பை ஏற்றிக் கட்டியிருந்தார். முதல் தடவையாக நான் கயிற்றைப் பிடிக்கவில்லை, ஸ்டூலைக்கூட நகர்த்தவில்லை. எல்லாம் அவரே. மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். அந்த மாத்திரை போட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுவார்.

வயர்மேனை நம்பவைப்பது சுலபமில்லை. எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். முதலில் ஸ்விட்சை அணைத்தேன். முடிச்சை அவிழ்த்தேன். லேசில் அவிழவில்லை, நகம் ஒடிந்தது. சூடு ஆறுவதற்குள் பல்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கினேன். சூடான கண்ணாடி தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று அவர்தான் ஒரு காலத்தில் சொல்லியிருந்தார். விட்டது. பின்னறை லைனுக்குத் தனி டிரிப் ஸ்விட்ச் உண்டு, ஷார்ட் ஆனால் தானாக விழும். அதைத் தட்டிவிட்டு, பல்பு ஸ்விட்சை மறுபடி போட்டு வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

இவ்வளவு போதும், குளிரே பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நன்றாக இறகு வைத்த குஞ்சுகள் தாக்குப்பிடித்துவிடக்கூடும். அதனால் ஒரு மூலையில் வளைத்துச் சொருகியிருந்த அட்டையை உருவி எடுத்தேன்.

வெளியே போய்விடவில்லை. பின்னறை வாசலில் உட்கார்ந்து துணி மடித்தேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவர் கட்டில் வரைக்கும் எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. துணியெல்லாம் மடித்து முடித்தபிறகு, மடித்ததை உதறி மறுபடி மடித்தேன். சத்தம் அடங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு அட்டையை இருந்த இடத்தில் சொருகினேன். அதற்கு அவற்றைக் கையால் விலக்க வேண்டியிருந்தது.

அவர் எழுந்து, "என்ன, சத்தமே காணோம்?" என்றார்.

"மழையில கேக்கலையோ என்னவோ" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். விழுந்துவிடப் போகிறாரே என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் முதலில் குஞ்சுகளைப் பார்க்கவில்லை. ஆணியைத்தான் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த கயிற்றை.

"நான் கட்டினது" என்றார்.

"போகட்டும் விடுங்க. கை செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

துணி மடிக்கும்போது யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது.

"வயர்மேன் கட்டினதுடி" என்றார்.

குவியலின் மேலே கிடந்தவை சில பிழைத்திருந்தன. குஞ்சுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். சூப்பர்வைசர் பிழைத்ததில் இருந்ததா, செத்ததில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

பிசியோ பெண் வந்து புதுக் கயிற்றை நீட்டினாள். "ஒரு முடிச்சு அவிழ்ந்தா என்ன சார், இன்னொண்ணு போடலாம்" என்றாள். அவர் வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவளும் பல தடவை வந்து பார்த்தாள். கடைசி நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவர் போடற முடிச்சு தானா அவிழற முடிச்சு இல்லம்மா. நான் தொங்கிப் பாத்திருக்கேன்."

"மழைக்கு ஊறியிருக்கும்" என்றேன்.

அவள் இன்னும் முழுசாக வளராத என் ஒடிந்த நகத்தைப் பார்த்தாளா, சும்மா கையைப் பார்த்தாளா, தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மகள் குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். நான் பேரனைப் போனில் பார்க்கிறேன். தெருவில் யாரும் இப்போது அண்ணே என்று கூப்பிடுவதில்லை. வந்தால் என்னிடம்தான் பேசுகிறார்கள். "உங்களை மாதிரி பாத்துக்க யாரால முடியும்" என்கிறார்கள். அப்போது எனக்குக் காது மடல் சுடும். தரையைப் பார்ப்பேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் எழுந்தால் அவர் கண் என் பின்னாலேயே வருகிறது.

அவரிடம் சொல்லிவிடத்தான் போகிறேன், கண்ணுகளா. குஞ்சுகளைக் கொன்றது நான், அவர் கை இல்லை என்று. அதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்க்க எனக்கு யாராவது வேண்டியிருந்தது. நேற்று மத்தியானம் சொல்லிவிடலாம் என்றுதான் தட்டோடு உட்கார்ந்தேன். அவருக்கு ஊட்டிவிட்டு, நடுவில் நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். என் முகவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்திருக்கிறது. துண்டுக்கு அடியிலிருந்து அவருடைய வலது கை தானாக எழுந்து வந்து, அதைத் துடைத்துவிட்டது.

அவரே அந்தக் கையை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்து மறுபடி மடியில் வைத்து, துண்டைப் போர்த்திவிட்டேன். அவருக்கு வலிக்கக் கூடாதே என்று மெதுவாகத்தான் வைத்தேன்.