வலப்பக்கக் கதவு

இரவு பதினொன்றே முக்கால். நம் கார் தொழிற்சாலையின் பின்பக்கச் சாலை... ஒரு பக்கம் நீள மதில், மறுபக்கம் தண்டவாளம். ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறும். அங்கே ஒரே ஒரு விளக்கு. அதுவும் பாதி நாள் எரியாது.

தெரியும், நாம் தினம் போகிற வழிதான். அதனால்தான் சொல்கிறேன். கரண்ட் வந்து லைன் ஓட இன்னும் முக்கால் மணி ஆகுமாம். நெருங்கி உட்காருங்கள். அந்த டார்ச்சை அணைக்காதீர்கள்.

நம் டாமியா வீட்டில் அத்தனை அழகான கார் இருந்தும் ஏன் பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்டீர்கள் அல்லவா? கூரை மடங்கும் கார். மயில் கழுத்து நிறம், உள்ளே வெள்ளைத் தோல் இருக்கை. போன கோடையில் அவள் வீட்டு ஷெட்டில் பார்த்துவிட்டு எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஒரு சுற்றுப் போகலாம் என்று கெஞ்சினோம். டாமியா ஷெட் கதவை இழுத்து மூடினாள்.

இது அவள் அம்மா வெர்லீனுக்கு நடந்தது.

1965. வெர்லீனுக்குப் பதினைந்து வயது. அம்மா இறந்து மூன்று வருடம். வீட்டில் அப்பா ஹோசியா, அண்ணன் ராஸ்கோ. ஆண்கள் இருவருக்கும் இதே தொழிற்சாலை, இதே இரண்டாம் ஷிப்ட். அப்பாவுக்குப் பெயின்ட் பகுதி. அண்ணன் கதவுகளுக்கு உள்பலகை பொருத்துகிற இடத்தில். மணிக்கு ஐம்பது கார், நூறு கதவு.

இத்தனை காரைச் செய்கிறவர்கள் வீட்டில் அப்படியொரு கார் இருக்காது. ஹோசியா பதினெட்டு வருடம் அடுத்தவர்கள் காருக்குப் பெயின்ட் அடித்தார். மனைவி போன பிறகு, இருந்ததையெல்லாம் திரட்டி, தனக்கென்று ஒரு காருக்குச் சொல்லி வைத்தார். அது இதே லைனில்தான் ஓடி வந்தது. அதன் கதவுகளுக்குப் பலகை போட்டது சொந்த மகன்.

வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கார்தான். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளைத் தேய்ப்பார். பழைய பனியனைக் கிழித்து, அதில்தான் இருக்கையைத் துடைப்பார். முதல் பனி விழுமுன் கட்டையில் தூக்கி வைத்துவிட வேண்டும் என்பார். பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்புப் பட்டால் இரும்பைத் தின்றுவிடும். வெர்லீன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட நெற்றியில் அவ்வளவு பதமாகக் கை வைத்ததில்லை அந்த மனிதர்.

ஆனால் காரில் முதல் நாளிலேயே ஒரு சத்தம், ஓட்டுகிறவருக்கு அடுத்த இருக்கைப் பக்கம். வலப்பக்கக் கதவில். திருப்பத்தில்... டொக். நிற்கும்போது... டொக்.

அது என்னவென்று லைனில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மூத்திரம் போவதற்குக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். அந்த ஆத்திரத்தில் இளவட்டங்கள் குடித்த சோடா பாட்டிலுக்குள் ஒரு நட்டைப் போட்டு, கதவுக்குள் இறக்கி, மேலே பலகையை மூடிவிடுவார்கள். வாங்குகிற பணக்காரன் காலமெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

"நீதானேடா?" என்றார் ஹோசியா.

"எதுப்பா?"

"இளிக்காதே. எந்த இடத்துல போட்டே?"

"என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டுங்க. சொல்றேன்."

"இந்தக் கிரீஸ் துணியோடயா? ஒரு மாட்டை வேணா உக்கார வெப்பேன். உன்னை மாட்டேன்."

"மாடு வெள்ளையா இருந்தா நீங்க ஒத்துக்குவீங்க, தெரியும்."

அடுப்படியில் சோள ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த வெர்லீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வீட்டில் அதுதான் கடைசிச் சிரிப்பு என்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் பதினாறு, சனிக்கிழமை. ஷிப்ட் விட்டாகிவிட்டது. ராஸ்கோவை வழக்கமாகக் கூட்டிப் போகிற நண்பன் அன்று வரவில்லை. கையில் மாலைப் பேப்பரும் ஒரு பாட்டில் சிவப்புச் சோடாவுமாக அப்பாவின் காருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"அப்பா, இன்னைக்கு மட்டும். பேப்பரை விரிச்சு அதும்மேல உக்காந்துக்கறேன்."

"மை ஒட்டிக்கும்டா. வெள்ளைத் தோலு. வீட்டுக்கு வந்து குளி. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, ஆத்துத் தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

ராஸ்கோ கோபப்படவில்லை. வலப்பக்கக் கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். டொக்... டொக். "போங்க மகாராசா, போங்க" என்று சிரித்துவிட்டு நடந்தான்.

பாலத்துக்கு அடியில், விளக்குப் போடாமல் வந்த ஒரு லாரி.

போலீஸ் வீட்டுக்கு வந்தபோது ஹோசியா வாசலில் காரின் மேல் இறங்கியிருந்த பனி ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனியன் துணி கையிலேயே இருந்தது. பிணவறையிலும் இருந்தது. அடக்கத்தன்று வெர்லீன்தான் அவர் விரல்களைப் பிரித்து அதை வாங்கினாள்.

அடக்கம் முடிந்து வந்த கையோடு அவர் வலப்பக்கக் கதவின் உள்பலகையைக் கழற்றினார். உள்ளே சிவப்புச் சோடா பாட்டில், அதற்குள் ஒரு நட்டு. கதவின் உள்தகட்டில், லைனில் குறி போடுகிற மஞ்சள் சாக்கால், ராஸ்கோவின் கோணல் எழுத்து:

"கண்டுபிடிச்சிட்டீங்களா அப்பா? இப்ப என்னை உக்கார வைங்க."

வெர்லீனும் அதைப் படித்தாள். அப்பா அழவில்லை. பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பலகையை மூடி, ஒவ்வொரு திருகாக முடுக்கினார்.

பாட்டில் போனதும் சத்தமும் போய்விட்டது. திருப்பத்தில் இல்லை, நிற்கும்போது இல்லை. நான்கு நாள் கழித்து வேலை முடிந்து வந்தார்... பாலத்தடியில் இறங்கும்போது...

டொக்... டொக்.

கதவுக்கு உள்ளேயிருந்து இல்லை. வெளியிலிருந்து.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். பனி விழுந்தது. காரைக் கட்டையில் ஏற்றவில்லை. சாலையெல்லாம் உப்பு. அந்த உப்பில், கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு, தொப்பியில் பனி குவிய ஓட்டினார். லீவு நாளிலும் ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவார். தெருவே சிரித்தது. "என்ன ஹோசியா, பனிக்கட்டிக்குக் காத்து வாங்கித் தர்றீரா?"

ஒரு ராத்திரி வெர்லீன் ஓடிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்தாள். "நானும் வர்றேன்."

"பின்னாடி போ."

"அப்பா, நானும் உங்க பொண்ணுதான்."

"தெரியும். பின்னாடி போ."

அந்தக் காருக்கு இரண்டே கதவு. பின்னால் போக வேண்டுமென்றால் முன் இருக்கையின் முதுகைக் குனிய வைக்க வேண்டும். அவர் அதைக் குனிய வைத்தார். அவள் குனிந்து பின்னால் நுழைந்தாள். முதுகு நிமிர்ந்தது... டக்.

பாலத்தடியில் வண்டி நின்றது. எஞ்சின் முனகல், எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு அந்த இரண்டு தட்டு. அப்பா சாய்ந்து, கையை நீட்டி, வலப்பக்கக் கதவைத் திறந்தார். வெளியே ஆள் இல்லை. ஆனால் வெள்ளை இருக்கையின் ஸ்பிரிங் முனகி... மெல்லக் கீழே அழுந்தியது. மெஷின் எண்ணெய் வாடை. அதோடு சிவப்புச் சோடாவின் இனிப்பு.

"குளிருதாடா?" என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் வெர்லீனிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளைத் தோலில், முதுகு சாயும் இடத்தில், கிரீஸ் கறை. தூசி உட்காரப் பொறுக்காத மனிதர்... அதை மட்டும் துடைக்கவே இல்லை.

வெர்லீன் பயந்து ஓடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. மூன்று வருடம் அந்தப் பின்இருக்கையில் போனாள். அப்பா ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்துவிட மாட்டாரா என்று. செத்தவனோடு போட்டி போட்டால் உயிரோடு இருப்பவளால் ஜெயிக்க முடியுமா? அவளும் பிரமாதமாகப் படித்தாள். அந்தக் குடும்பத்தில் யாரும் கால் வைக்காத இடத்தில் வைத்தாள். கடிதம் வந்த அன்று இரவு, பாலம் தாண்டியதும், பின்னாலிருந்து சொன்னாள்.

"அப்பா, எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிடுச்சு."

ஹோசியா சந்தோஷமாகத் தலையாட்டினார். வலப்பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா? தங்கச்சி காலேஜ் போறாளாம்."

அவ்வளவுதான். பின்னால் திரும்பவில்லை. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். படித்தாள், டீச்சர் ஆனாள், கல்யாணம் செய்தாள், டாமியாவைப் பெற்றாள். பண்டிகைக்குப் பண்டிகை வந்து அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு, இருட்டுமுன் கிளம்பிவிடுவாள். காரைத் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

1994. இலையுதிர் காலத்தில் ஹோசியா தூக்கத்தில் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஒரு ராத்திரிகூடத் தவறாமல் பாலத்தடிக்குப் போனவர். காரின் அடித்தகடு உப்பில் அரித்திருந்தது. அதையும் ஒட்டுப் போட்டு வைத்திருந்தார். மேலே கண்ணாடி மாதிரி மின்னிற்று. அந்தக் கறை ஒன்றுதான்.

புறநகரிலிருந்து ஒரு ஆள் காரை விலைக்கு வாங்க வந்து பார்த்தான். "எல்லாம் அப்படியே புதுசு மாதிரி இருக்கு. இந்த சீட்டை மட்டும் மாத்திடறேன்" என்றான். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

வெர்லீனுக்கு நாற்பத்து நாலு வயது. அன்று இரவு சாவியை எடுத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. கூரையை மடக்கினாள். அந்தக் காரின் முன்பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அது இரண்டாவது முறை. விரட்ட ஆள் இல்லை.

பதினொன்றே முக்கால். பாலத்தடி. விளக்கு எரியவில்லை. எஞ்சினை அணைத்தாள்.

சொட்... சொட்... தண்ணீர்.

டொக்... டொக்.

சாய்ந்து, கையை நீட்டி, அப்பா திறந்த மாதிரியே கதவை முழுசாகத் திறந்தாள். இருக்கை அழுந்தும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுந்தவில்லை.

இருக்கையின் முதுகு... மெல்லக் குனிந்தது.

யாரோ யாருக்கோ வழி விடுகிறார்கள். பின்னால் போவதற்கு.

பின்இருக்கை ஸ்பிரிங் முனகியது. அவள் காது ஓரமாக மூட்டுவலித் தைல வாடை கடந்து போயிற்று. அப்பா தினம் தடவுகிற தைலம். முன் இருக்கை முதுகு நிமிர்ந்தது... டக். அதற்கப்புறம்தான் முன் இருக்கை அழுந்தியது. மெஷின் எண்ணெய், சிவப்புச் சோடா. பின்னால் ஏதோ சரசரப்பு.

வெர்லீன் கதவை மூடினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து ஓட்டினாள். வீட்டுத் தெரு திரும்பும்போது பின்னாலிருந்து அந்தக் குரல். முன்பு அண்ணனிடம் மட்டும் பேசிய குரல்.

"காலேஜ்ல என்னம்மா படிச்சே?"

இருபத்தாறு வருடம் கழித்து.

"கணக்குப்பா" என்றாள். சாலை கண்ணில் கலங்கித் தெரிந்தது. வாசலில் வண்டி நின்றபோது வாடையெல்லாம் போய்விட்டது. கதவு எதுவும் திறக்கவில்லை. அவள் மட்டும்தான்.

டார்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தாள். முன் இருக்கையில் கறை, வழக்கம்போல. பின்னால்... அவள் மூன்று வருடம் உட்கார்ந்த அதே இடத்தில், ஒரு பேப்பர் விரித்திருந்தது. வெள்ளைத் தோல் அழுக்காகிவிடக் கூடாது என்று நான்கு மூலையும் ஒழுங்காகச் செருகி. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

தேதி, 1965 அக்டோபர் பதினாறு. மாலைப் பதிப்பு.

வெர்லீன் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் கறுப்பாயிற்று. மை இன்னும் காய்ந்திருக்கவில்லை.