ஆளில்லா மலை

தேநீருக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

என் பெயர் ஜூட்சன். ட்ரோன் பறக்கவிட்டு நிலத்தை அளந்து படமெடுப்பது தொழில். றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைப் படமாக்கித் தரும்படி அதை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டிருந்தார். ட்ரோன் மேலிருந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி ஒரே வரைபடமாக்கும். தேயிலைச் செடி நின்ற இடத்தில் நிற்கும். மனிதர்கள்தான் அசைந்துகொண்டே இருப்பார்கள்.

முதல் படத்தில், கொழுந்து எடுக்கும் வேலாயி அக்கா இரண்டு தலையோடு பதிவாகியிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை மட்டும் இருந்தது, ஆள் இல்லை. லெப்டொப்பில் காட்டினேன்.

"ஒரு தலைவலிக்கே இங்க மாத்திர கெடைக்கல. நீங்க ரெண்டு தலைய வச்சிருக்கீங்களே தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பணிவாகவே கேட்டேன், சேர்.

"அக்கா, கொஞ்ச நேரம் எல்லாரும் ரோட்டுப் பக்கம் போய் நிக்க முடியுங்களா?"

"கொழுந்து கிலோ கொறஞ்சா அரநாள் சம்பளந்தான் போடுவாங்க. ஞாயித்துக்கெழம வாங்களேன், மலையில ஒருத்தரும் இருக்க மாட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகிறவன். அதை விட முடியாது.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சுதாகரனிடம் போனேன். "ஒங்க படத்துக்காகக் கொழுந்து வளராம நிக்குமா?" என்றார். அதுவும் நியாயம்தான். எல்லோரிடமும் நியாயம் இருந்தது. என்னிடம் சுத்தமான படம்தான் இல்லை.

மலையோரத்து மரத்தில் பெரிய குளவிக்கூடு தொங்குவதை என் கமராதான் முதலில் கண்டது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. சொல்லத்தான் நினைத்தேன். சொன்னால் கூட்டை அகற்றிவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிடுவார்கள்.

என்னிடம் இரண்டு ட்ரோன் உண்டு. புதியதைக் கொண்டு இடிக்க நான் என்ன பைத்தியமா? பழையதை அனுப்பினேன். கூடு பாதி பிய்ந்து விழுந்தது.

நான் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தேன். இந்தத் தொழிலில் பாதுகாப்பு முக்கியம். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கண்டாக்கு தண்ணீர் ஓடும் காணுக்குள் குதித்தார். உதடு வீங்கி இரண்டு நாளாக அவரால் யாரையும் ஏச முடியவில்லையாம். அதில் மட்டும் எல்லோருக்கும் சந்தோஷம். வேன் கூரையில் தயாராக இருந்த புதிய ட்ரோனை ஏற்றினேன். வெளிச்சமும் நன்றாக இருந்தது.

வேலாயி அக்காவுக்குத்தான் மோசம். மூச்சுத் திணறிப் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஒரு அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருந்தது. குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார்.

"காத்து தள்ளிருச்சாமே தம்பி. பாவம், ஒங்க மெஷினும் ஒடஞ்சிருச்சு."

"ஆமாங்க அக்கா, காத்துதான்" என்றேன்.

அன்று காற்று இல்லை, சேர். காற்றடித்தால் படம் கலங்கும் என்றுதான் அந்த நாளையே தேர்ந்தெடுத்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடித்தது நான், வேண்டுமென்றே.

ஆனால் படத்தைப் பாருங்கள். எவ்வளவு அமைதி. வடக்கு மூலையில் மட்டும் வேலாயி அக்கா விழுந்து கிடக்கிறார். அந்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆட்கள் வேலைக்கு வர இன்னும் சில நாளாகுமாம். இன்றைக்கே என்னை விட்டீர்களென்றால், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் முடித்துவிடுவேன்.