நாற்பத்திரண்டாம் நாள்

என் தாதி மாணவிகளில் ஒருத்தியின் பிறந்தநாளைக்கூட நான் மறந்ததில்லை. அன்று காலை ஒரு கேக் வெட்டி எல்லாருக்கும் பங்கு வைப்பேன். ஸ்ரெல்லாவுக்கு மட்டும் இரண்டு துண்டு. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியா முகாமில் இருந்த அவளுடைய தாய் மார்கிறட்டுக்கும் ஒன்று போகவேண்டுமே.

அவளைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள், ஐயா. சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் நான் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஓய்வில்லாத தாதி எத்தனையாவது மணிநேரத்தில் பிழை விடுகிறாள் என்பதுதான் விடயம். ஆள் பற்றாக்குறையால் எங்கள் பிள்ளைகள் கால் வீங்க வீங்க நின்றார்கள். கொழும்பில், சுகாதார அமைச்சில் யாரும் நம்பவில்லை. எண்களைக் கொண்டுவா என்றார்கள். பெண்கள் வார்ட்டின் மூலையில் கதிரை போட்டு, குறிப்புப் புத்தகத்தோடு நாற்பத்தொரு நாள் இருந்தேன். ஒரு பிழையும் நடக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

என் பழக்கும் முறை எளிது. மாணவி மருந்துக் குப்பியை உயர்த்திக் காட்டுவாள். பிழையென்றால் பேனையால் மேசையில் தட்டுவேன். தட்டாவிட்டால் சரி. மூன்று வருடமாக அந்தத் தட்டலுக்குத்தான் அவர்களுடைய கை நின்றது.

வேலைப் பட்டியலை எழுதுபவளும் நான்தான். ஸ்ரெல்லாவை இருபத்தாறு மணிநேரம் தொடர்ந்து போட்டேன். மற்றப் பிள்ளைகள் யாராவது தவறினால் கெட்டித்தனம் போதாது என்பார்கள். வகுப்பில் முதலாவதாக வருபவள் தவறினால் யாரும் வாய் திறக்க முடியாது. இரண்டு மாதத்தில் அவள் படிப்பை முடித்துத் தாதியாக வெளியேற இருந்தாள். வேலையை மறுக்கமாட்டாள்.

நாற்பத்திரண்டாம் நாள், முற்பகல் பத்தரை. கட்டிலில் பூவரசங்குளத்து மீனம்மா. வயலில் மண்வெட்டி பட்ட காயம் ஆறிவிட்டது, கடைசி ஊசி மட்டும் மிச்சம். மறுநாள் கணவர் வீரையா வந்து கூட்டிப்போவதாக இருந்தது. அவள் ஸ்ரெல்லாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஊசி ஒனக்குத்தான் போடணும் போல இருக்கு மிஸ்ஸி. வா, இந்தக் கட்டில்ல நீ படு. நான் போடுறேன்.”

“நீங்க குத்தினா நான் எழும்பமாட்டன் அம்மா,” என்றாள் ஸ்ரெல்லா.

மருந்துத் தூளைக் கரைக்கும் தண்ணீர்க் குப்பிக்குப் பதிலாக அவள் கையில் இருந்தது பொட்டாசியம். சேலைனில் கலந்து மணிக்கணக்கில் ஏற்றவேண்டியதை நேராக நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அவள் குப்பியை உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

“மிஸ், தண்ணிதானே? கண் எரியுது, எழுத்துத் தெரியேல்ல.”

பேனை என் கையில்தான் இருந்தது. அவதானிப்பவர் குறுக்கிடக் கூடாது என்பது ஆய்வு விதி. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: பத்து முப்பத்துநான்கு, வேலையின் இருபத்தாறாவது மணிநேரம். மீனம்மாவின் உயிர் போக ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி விசாரணையில் ஸ்ரெல்லா அழவில்லை. “மிஸ் பாத்துக்கொண்டு இருந்தவா. பிழையெண்டா தட்டியிருப்பா,” என்றாள். என்னைக் கேட்டார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், அவள் எதையும் கேட்கவில்லை என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். “மிஸ் பொய் சொல்லமாட்டா. நித்திரைக் கண்ணில நான்தான் கேக்காமல் விட்டிட்டன் போல.”

தாதிச் சட்டையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது யாருக்கும் ஒரு கோப்பை தண்ணீர் கொடுப்பதானாலும் மூன்று தரம் முகர்ந்து பார்க்கிறாளாம். உங்களுக்கு மனுக் கொடுத்த அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பி என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன்.

கட்டுரையைக் கொழும்பில் வாசித்தபோது மண்டபம் எழுந்து நின்றது. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் மாணவிகளை வேலைவாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எத்தனை பிள்ளைகள் இன்று நன்றாக உறங்குகிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர்க் குப்பிகளின் தட்டில் பொட்டாசியம் எப்படி வந்தது என்று மூன்று வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். அன்று காலை எட்டு மணிக்கு நான்தான் வைத்தேன். நாற்பத்தொரு நாள் காத்திருந்தவள், இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?

ஆனால் ஐயா, நான் வைத்தது குப்பியை மட்டும்தான். பிழை விட்டது ஸ்ரெல்லா. இருபத்தாறு என்ற அந்த ஒரு எண்ணில் நான் கை வைக்கவே இல்லை.