ராயகிரி வரைக்கும் கேட்ட அயர்லாந்துப் பாட்டு

— ஏ எப்சிபா, நில்லு. நேத்து நான் எத்தன மணிக்குச் செத்தேன்?

— ஐயோ சண்முகையா அண்ணாச்சி… காலங்காத்தால என்ன பேச்சு இது!

— பூக்கடைக்காரன் கேக்கான். என் பேருக்கு ரெண்டு ரோசாமாலை சொல்லி ஒரு பொம்பள போன் போட்டாளாம்.

— எந்த மகராசியோ… நம்ம தெருவுல நாக்கு நீளமானவளுகளுக்கா பஞ்சம்?

— ராயகிரிக்கும் போன் போயிருக்கு. என் தங்கச்சி ஆவுடைத்தங்கம் வேன் புடிச்சு, தெருமுனையில இருந்தே மாருல அடிச்சுக்கிட்டு வந்தா.

— அவுகளா! ஆறு வருசமா ஒங்ககிட்ட பேச்சு கெடையாதே!

— எம்மவன் அவ மகளக் கெட்டாம அயர்லாந்துக்காரியக் கெட்டினான்லா… 'இனி ஒன் எழவுக்குத்தான் இந்த வாசல மிதிப்பேன்'னுட்டுப் போனா. மருமவ நீவ் வெள்ளிக்கிழம அயர்லாந்துக்குத் திரும்புதா. அதுக்குள்ள அத்தைய ஒரு தடவ பாத்துரணும்னு ஒரே நச்சரிப்பு.

— பாத்தாச்சுல்லா, பொறவென்ன?

— யாரு போன் போட்டா?

— எனக்கென்ன தெரியும்… பொதுவாச் சொல்லுதேன், போட்டவ மேல மட்டும் தப்பில்ல. நீங்க கட்டில்ல நீட்டி நிமிந்து கெடக்கீங்க. ஒங்க மருமவ நீவ் பக்கத்துல உக்காந்து, கண்ண மூடி, ஒங்க கையப் புடிச்சு ஆட்டிக்கிட்டு, இழுத்து இழுத்து ஒரு அழுகை…

— அது அழுகை இல்ல, பாட்டு. அவுக ஊர் ஐரிஷ் பாஷையில அப்பிடித்தான். மேளம், தாளம் ஒண்ணும் கெடையாது. பாடுதவ கையக் கேக்குதவன் புடிச்சுச் சுத்தணும். நடுநடுவுல 'அப்பிடிப் போடு'ன்னு வேற சொல்லணும்.

— என்ன சோகமோ பாவம்!

— தையக்காரன் மாப்பிள்ளைக் கோட்ட அளவு மாத்தித் தச்ச கதை. சிரிப்புப் பாட்டு.

— அதையா அந்த இழுப்பு இழுத்தா! எனக்கு அடுப்புல சோறே கரிஞ்சு போச்சு… அதாவது, கேட்டவுகளுக்கு.

— கேட்டவுக காம்பவுண்டுச் சொவத்துல ஏறியும் பாத்தாகளோ?

— …தங்கச்சி வந்து என்ன செஞ்சாக?

— ஒப்பாரிதான். 'பட்டுச்சீல கேட்டனா, பவுனுநக கேட்டனா, பொண்ணெடுக்க மறந்தியளே எம் பொறந்த பொன்னண்ணே'ன்னு…

— மருமவ மொகம் சுருங்கியிருக்குமே!

— அவளுக்குத் தமிழ் பாதிதான் வெளங்கும். எதிர்ப்பாட்டுன்னு நெனச்சு ஓடிப் போயி, ஆவுடை கையப் புடிச்சுச் சுத்துதா. 'ஆகா, அப்பிடிப் போடு அத்தே!'

— எழவு வீட்டுலயா!

— ஆவுடை மலைச்சுப் போயிட்டா. 'நாப்பது வருசமா ஒப்பாரி வைக்கேன், ஒருத்தி நல்லாருக்குன்னு சொன்னதில்ல… யாருட்டி நீ?'ன்னா. ஒப்பாரியில அடுத்த அடியப் பாடுனது ரெண்டு மடங்கு சத்தத்துல.

— அப்பம் பொணம்… இல்ல, நீங்க?

— சிரிப்ப அடக்க முடியல. எந்திரிச்சு உக்காந்துட்டேன். வேன்ல வந்ததுல பாதிப் பேரு தெருவுக்கு ஓடிட்டாக.

— இப்பம் தங்கச்சி எங்க?

— அடுக்களையில மருமவகிட்ட கோட்டுப் பாட்டு படிக்கா. நான் காப்பி கேட்டா ஒருத்தியும் திரும்பிப் பாக்கல.

— அப்பம் நல்லதுதான… சரி, சொல்லிருதேன். ராயகிரிக்குப் போட்டதும் நாந்தான், மாலை சொன்னதும் நாந்தான். ஆனா அண்ணாச்சி, வேன் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிருக்குமே! அது வரைக்கும் மொகத்துல வேட்டியப் போத்திக்கிட்டு, கால் பெருவெரல் ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு… பாட்டுக் கேக்குதவன் அப்பிடியா கெடப்பான்?

— நீ காம்பவுண்டுல ஏறுத சத்தம் கேட்ட பொறவுதான் போத்துனேன், எப்சிபா. 'செத்துட்டேன், வா'ன்னு ஆவுடைக்கு நானே போன் போட முடியுமா?