பெட்டிக்கு அடங்குன டூப்ளக்சர்

ஹமீது பாய், முதல்ல டீயக் குடிங்க, ஆறிப்போகும். நாளைக்கு மீட்டரோட தாணேக்குப் போயி நம்ம ரேடியோ கிளப் ரிப்பீட்டரைத் திறந்து பாக்கப் போறதா சொன்னீங்க. அதான் நானே சொல்லிடுதேன்.

தூரத்துக் குரலைப் பிடிச்சு எல்லாருக்கும் திருப்பி விடுற ரிப்பீட்டர், ஒரே ஆன்டெனாவுல பேசவும் செய்யணும், கேக்கவும் செய்யணும். தன் சத்தமே தன் காதை அடைச்சிரக் கூடாதுன்னுதான் நடுவுல டூப்ளக்சர் வைக்கோம். இடுப்பு உசரத்துக்கு ஆறு குழாய் நிக்கிற பெருசுதான் வேணும்னு ஜகந்நாதன் மீட்டிங்ல தலைபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் சின்னது போதும்னு ஒத்தக்கால்ல நின்னேன். எடம் மிச்சம், காத்து மழைக்கு நல்லதுன்னு என்னெல்லாமோ சொன்னேன். விஷயம் அது இல்ல பாய். எந்த டூப்ளக்சர்னு முடிவாகுறதுக்கு முந்தியே, தாராவி வொர்க்‌ஷாப்புல நான் அதை வைக்கத் தகரப் பெட்டிய வளைச்சு, பெயின்ட் அடிச்சு, கிளப் பேரும் எழுதிட்டேன். ஆறு குழாய் அதுக்குள்ள நுழையாது. 'கோமதிநாயகம் அளவு தெரியாம பெட்டி அடிச்சான்'னு நீங்க எல்லாரும் சிரிப்பீங்களே.

சின்னது அந்தச் சத்தத்தைத் தடுக்கப் பத்தாதுன்னு மாட்டின வாரமே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து ஆள் பேசினா சுத்தமா கேக்கும். தூரத்துல இருந்து கைசெட்டுல பேசினா, ரிப்பீட்டர் அந்தக் குரலைப் பிடிச்சு வெளிய விட்ட உடனே அதுக்கே காது அடைச்சுப்போகும். நிக்கும், மறுபடி பிடிக்கும், மறுபடி அடைக்கும். உங்களுக்கு 'தட் தட் தட்'னு வெட்டுற சத்தம் மட்டும் வரும். ஃபாக்டரி இரைச்சல்னு சொன்னேன். நீங்களும் நம்பினீங்க.

இந்த ஜூலை மழையில போன் எல்லாம் செத்துக் கிடந்துச்சே, அன்னிக்கு மத்தியானம் அந்தத் தட் தட் வந்துச்சு. 'யாருப்பா அது, திருப்பிச் சொல்லு'ன்னு நீங்க மாட்டுங்காவுல இருந்து கேட்டீங்க. என் வீடு செம்பூர்ல, சீத்தா கேம்ப் பக்கம்தான். ரிப்பீட்டரை விட்டுட்டு ஆளை நேரா கேக்குற பட்டனை அமுத்தினேன். ஜகந்நாதன். அவன் வீடு அந்த கேம்ப்லதானே, தெள்ளத்தெளிவா கேட்டுச்சு. 'யாராவது கேக்கீங்களா, சுவரு விழுந்துட்டு, என் பொண்டாட்டி விஜயராணி அடியில கெடக்கா, தண்ணி ஏறுது, உயிரு இருக்கு, ஃபயர் பிரிகேடை அனுப்புங்க.'

நான் அதைச் சொன்னா, உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சுன்னு கேப்பீங்க. பெட்டியத் திறப்பீங்க. 'ஃபாக்டரி இரைச்சல் பாய், கண்டுக்காதீங்க'ன்னு மைக்குல சொன்னேன். அவன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அழ ஆரம்பிச்சதும் செட்டை ஆஃப் பண்ணிட்டேன்.

பொண்டாட்டி காரியம் முடிஞ்சதும் அவன் கைசெட்டோட என் வொர்க்‌ஷாப்புக்கு வந்தான். 'நீங்கல்லாம் பேசுனது எனக்குக் கேட்டுச்சு அண்ணாச்சி, நான் பேசுனதுதான் போகல. முன்னால ஒருக்கா இதைத் தண்ணியில போட்டுட்டேன். நான்தான் அவளைக் கொன்னுட்டேனோ'ன்னான். திறந்து பாத்தேன். செட்டுல ஒரு குறையும் இல்ல. 'ஆமாடே, உள்ள ஈரம் எறங்கியிருக்கு'ன்னு சொன்னேன். அதுல இருந்து சரியா சோறு திங்கிறதில்லையாம், பாவம்.

அதனால பாய், நாளைக்கு மீட்டரோட போகாதீங்க. உண்மை தெரிஞ்சா ஜகந்நாதன் தாங்கமாட்டான். அவனுக்காகத்தான் சொல்லுதேன்.