மை படாத விரலுக்கு ஒரு மடல்

வாவி சூழ் புளியந்தீவில் வளர்ந்து, வாக்காளர் இடாப்போடு வாழ்ந்து, வாசலுக்கு வந்தோர் வாடாமல் வழிகாட்டிய வள்ளலே! வேட்புமனு விசாரணை மேசையின் விளக்கே! எங்கள் ஹேசல் மிஸ் அவர்களே!

மரபுப்படி 'வ' வரிசை தீரும்வரை விளிக்கத்தான் எண்ணியிருந்தோம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழும்பி வீட்டுக்குப் போய்விடுவதாக நீங்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டீர்கள். ஓய்வுபெறும் நாளிலும் உங்கள் சொல் எங்களுக்குச் சுற்றறிக்கைதான். ஆகையால் ஹேசல் என்றோர் அம்மையாரைப் பற்றி, அவர் இந்த மண்டபத்திலேயே இல்லாதது போலச் சொல்கிறோம். நீங்கள் கட்லட்டைச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்த ஹேசல், தேர்தலில் நிற்க வருபவர் கோட்டுப் போட்டு வந்தாலும் சாரம் கட்டி வந்தாலும், முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பேர் எங்க கிடக்கு?" பதினெட்டு வயது நிறைந்து இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். எந்த உள்ளூராட்சிச் சபைக்குப் போட்டியோ அந்தச் சபையின் எல்லைக்குள் பெயர் பதிவாகியிருந்தால்தான் நிற்கலாம். இதை அவர் சொல்லிச் சொல்லி, மேசைக்கே மனப்பாடம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதல்ல. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார். உடுப்புப் பெட்டி போகும், மோட்டார் சைக்கிள் போகும். பெயர் மட்டும் தாய் வீட்டு இடாப்பிலேயே தங்கிவிடும். இருக்கும் வீட்டில் பதியுங்கள் என்று ஹேசல் வருடந்தோறும் துண்டுப் பிரசுரம் கொடுப்பார். மாப்பிள்ளைமார் அதைப் பக்குவமாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்கள். பிறகு சட்டை சலவைக்குப் போகும்.

கட்டாரிலிருந்து திரும்பிய றமீசும் அப்படியொரு மாப்பிள்ளை. மனைவி ஸஹ்ராவின் வீடு இங்கே வாவியோரத்தில், உம்மாவின் வீடு ஏறாவூரில். இரண்டும் வேறு வேறு சபை. மாரி பெய்தால் ஒழுங்கை வெள்ளம் ஸஹ்ராவின் அடுப்படிக்குள் வந்துவிடும். அது வடிந்தோட வடிகான் கேட்டுச் சபைக்கு நடந்து களைத்த றமீஸ், சபைக்குள்ளேயே போய்விடுவது என்று ஒரு சுயேச்சைக் குழுவில் சேர்ந்தார். மனு கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல்நாள், மனைவியையும் கூட்டிக்கொண்டு கடதாசிகள் சரிதானா என்று கேட்க வந்தார். ஹேசல் தமது கேள்வியைக் கேட்டார்.

"உம்மாட ஊட்டுலதான் மிஸ். அதுக்கென்ன?"

"அப்ப அங்கதான் தம்பி நிக்கலாம். இங்க ஏலாது."

றமீஸ் கதிரையில் இருந்துவிட்டார். இனிப் பெயரை மாற்றவும் காலமில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஆள் குறைந்தால் குழுவின் முழு மனுவுமே நிராகரிக்கப்படும் என்பதும், மறுநாள் நண்பகலோடு கதவு பூட்டப்படும் என்பதும் அவருக்குத் தெரியும். குழுவில் வேறு ஆளும் இல்லை. இன்னொரு மாரியும் அடுப்படிக்குள்தான் என்று அவர் முணுமுணுத்தார்.

ஹேசல் யாருக்கும் யோசனை சொல்லமாட்டார். சட்டத்தை மட்டுமே சொல்வார். அன்றும் அப்படித்தான். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஸஹ்ராதான் எழும்பி வந்தார்.

"மிஸ், ஊடு என்ட பேர்ல. இடாப்புலயும் நான் இரிக்கன். அப்ப நான் நிக்கலாமா?"

அரச உத்தியோகம் ஏதும் பார்க்கிறாரா என்று ஹேசல் விசாரித்தார். வீட்டில் தையல் மெஷின்தான் என்றார் ஸஹ்ரா.

"சட்டம் ஓம் எண்டுது, மகள். நீங்க என்ன சொல்றீங்க?"

ஸஹ்ரா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னப் பாக்காத புள்ள, என்ட பேர்தான் இங்க இல்லியே" என்றார் அவர். பின்னேரமே சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிந்தது. மறுநாள் நண்பகலுக்கு முன்பே குழுத் தலைவர் மனுவை ஒப்படைத்தார்.

அதன்பின் றமீஸ் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். வாக்களிப்பு நாளில் மட்டும் ஏறாவூருக்கு ஓடிப்போய், தமக்கு முன்பின் தெரியாத யாருக்கோ புள்ளடி போட்டுவிட்டு வந்தார். சொந்த மனைவிக்குப் போட அவருக்கு வாக்கில்லை. ஸஹ்ரா வென்ற பிறகு றமீஸ் பெயரை மாற்றப் போனபோது உம்மா, "ஆளத்தான் குடுத்தம். பேரையும் கேக்காங்களா?" என்றாராம். ஆனாலும் வாக்களிக்க வந்தபோது மகன் விட்டுப்போன அடையாள அட்டையைக் கையோடு தேடி எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

மூவரும் இப்போது இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள். வடிகான் பாதிதான் வெட்டப்பட்டிருக்கிறது. மீதியை உறுப்பினரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நேரிலேயே பேசுகிறோம், மிஸ், எழும்பிவிடாதீர்கள். ஊரையெல்லாம் வரிசையில் நிற்கவைத்த நீங்கள், தேர்தல் கடமையால் எப்போதும் தபால் வாக்குத்தான் போட்டீர்கள். வாக்குச்சாவடி வரிசையில் நின்றதில்லை. விரலில் மை பட்டதுமில்லை. அரச ஊழியர் என்பதால் ஒரு குழுவிலும் பெயர் கொடுத்ததில்லை. இனி நிற்கலாம், வரிசையிலும் தேர்தலிலும். சட்டம் ஓம் எண்டுது. நீங்க என்ன சொல்றீங்க?

ஒவ்வொரு தேர்தலிலும் உங்கள் விரலில் புது மை ஏறும்படி நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் வேண்டுகிறோம். உள்ளூராட்சித் தேர்தல்கள் ஒத்திப்போகும் வழக்கத்தையும் கணக்கில் எடுத்து, சற்றுக் கூடுதலாகவே வேண்டுகிறோம். முதல் மை காயுமுன் அலுவலகத்துக்கு வந்து காட்டிவிட்டுப் போங்கள். உங்கள் பெயர் எங்கே கிடக்கிறது என்று எவரும் கேட்கமாட்டோம். அது எங்களிடம்தான் கிடக்கிறது.

மாறா அன்புடன்,
தேர்தல் அலுவலக ஊழியர்கள்,
புளியந்தீவு