காலை அளக்குறதுக்கு முன்னால

நிறுத்தச் சொல்லணும்னா நிறுத்தச் சொல்லிருவோம் மதினி, அதுக்கு ஏன் முகத்த இப்பிடி வச்சிக்கிடுதீங்க. முதல்ல அந்த முறுக்க எடுங்க. பொண்ணு கேட்டு வந்த வீட்டுல பேசி முடிக்குமுன்ன கை நனைக்கக் கூடாதுன்னு பாக்கீங்களா? முறுக்குல கை எங்க நனையுது. எடுங்க.

அச்சா. எம் மக சோனியா ப்ளே ஸ்கூல் டீச்சரா இருக்கது உங்களுக்குப் பிடிச்சிருக்கு. மாதா கோயில்ல பாட்டுப் பாடுதது பிடிச்சிருக்கு. சனிக்கிழமையானா போன்ல கதை பேசிப் பதிஞ்சு ஊரே கேக்கப் போடுதாளே, அது மட்டும் ஆகல. கல்யாணத்துக்குப் பொறவு அது கூடாது. நிறுத்துதோம்னு நாங்க சொன்னாத்தான் உங்க மகன் ஜஸ்டினுக்கு இவ. சரி, எந்தக் கதை உங்களுக்கு ஆகல?

கண்ணாடிச் செருப்பா. ம்.

ஆமா, அரண்மனை ஆளுக செருப்பத் தூக்கிட்டு வீடு வீடா வாராங்க. ஆமா, அந்தப் பிள்ளை மீன் கழுவுன கையத் தொடச்சிக்கிட்டு வந்து நிக்கா, காலை நீட்ட மாட்டேங்கா... இருங்க, இருங்க. செருப்புல ஒட்டியிருந்த மணலத் தட்டிவிட்டாளே, அதுகூடவா நினைப்பிருக்கு? பிடிக்காத கதைய இம்புட்டு உன்னிப்பாவா கேப்பாங்க மதினி! என்னது, ரெண்டு தடவை கேட்டீங்களா? மெதுவாச் சொல்லுங்க, தெருவுல போறவங்க சிரிப்பாங்க.

உங்களச் சொல்லி என்ன செய்ய. பக்கத்து வீட்டு பெங்காலி தீதிக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நாங்க வந்து சேருமுன்ன வேலிகிட்ட நிப்பா, ஃபிர் க்யா ஹுவா, பொறவு என்னாச்சுன்னு. அவளுக்கு ஹிந்தியில இன்னொருக்கா சொல்லணும். தெரியாத கதையா? சின்னப் பிள்ளையில அவளும் கேட்டதுதான். ஆனா பழைய பட்டுச்சேலைய வெட்டிப் பாவாடை தச்சாலும் கரை நமக்கு அடையாளம் தெரியுதுல்லா, அந்தச் சந்தோசம். கரை அதேதானா, எங்க வெட்டிருக்காங்கன்னு பாக்கத்தான் எல்லாரும் காதத் தீட்டுதாங்க.

எங்க வீட்டுக்காரரையே எடுங்களேன். ஜங்லிகாட் துறையில, பட்டறையில போட் இன்ஜின் சத்தத்துக்கு மேல சத்தமா வச்சிக் கேக்காரு. அன்னைக்குச் சாப்பாட்டுல உக்காந்து சொல்லுதாரு, என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை சொன்னது நியாயம்ட்டி, காலை அளக்குறதுக்கு முன்னால மனசக் கேக்கணும்லான்னு. நான் குழம்ப ஊத்துனேன்.

இல்ல மதினி, அங்கதான் நீங்க தப்பாக் கேட்டிருக்கீங்க. அவ இளவரசன வேண்டாம்னு சொல்லவே இல்ல. செருப்பு சேருமா சேராதாங்கிறது பொறவு, எனக்குச் சம்மதமான்னு அவர வந்து கேக்கச் சொல்லுங்கன்னுதான் சொன்னா. வேண்டாம்னு சொல்லுததும் வந்து கேளுன்னு சொல்லுததும் ஒண்ணா? அவன் வந்தானா, இவ என்ன சொன்னா, அதெல்லாம் கதையில இல்ல. உங்க கோவமே அதுக்குத்தான். எனக்குத் தெரியாதா. முடிவு தெரியாம உங்களுக்குத் தூக்கம் வரல.

வாய் நீண்ட பிள்ளையா? சோனியாவா? அவள ஏன் வையுதீங்க. குரல் மட்டும்தான் அவளுது. கதையெல்லாம் நான் கட்டுதது.

ஆமா, நானேதான். எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்கேன், அதுக்கென்ன. அடுப்புகிட்ட நின்னு நான் சொல்லுவேன், அவ பேசிப் போடுவா. பாதிக் கதை ஜெபமாலை சொல்லும்போதுதான் வருது, மாதா மன்னிக்கணும். அருள் நிறைஞ்ச மரியேன்னு ஆரம்பிச்சா, நடுவுல அந்தப் பிள்ளை கையத் தொடச்சிக்கிட்டு வந்து நிக்கும்.

தூத்துக்குடியில எனக்குப் பேசி முடிச்சப்போ கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. கஸ்பாருக்கும் சூசைமேரிக்கும் கல்யாணம், யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு. வலை பின்னுத ஆளக் கேட்டாங்க, மணி அடிக்கிற உபதேசியாரக் கேட்டாங்க, ஊரு முழுக்கக் கேட்டாங்க மதினி. பொம்பளைக பக்கம் முக்காடு போட்டுக்கிட்டு நானும் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். என்னைய யாரும் கேக்கல. கடைசியில பீடத்துக்கு முன்னால சாமியார்தான் கேட்டாரு, முழு மனசோட சம்மதமான்னு. வெளிய பந்தல்ல இலை போட்டாச்சு. அந்தமான் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. சம்மதம்னேன்.

குறையாச் சொல்லல. தங்கமான மனுசன். முன்னாலயே கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லிருப்பேன்னு நினைக்கேன். கேட்டிருந்தாத்தான தெரியும்.

அந்தக் கதை என்னோடதுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிராதீங்க.

வார ஞாயிறு ஓலைக்குப் பேரு குடுக்கணும்னீங்கல்லா, குடுப்போம். அதுக்கு முன்னால ஜஸ்டினுக்கு ஒரு போன் போடுங்க. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில டியூட்டி முடிஞ்சிருக்கும், நேரா இங்க வரட்டும். கதைய நிறுத்துதியான்னு கேட்டாலும் சரி, என்னையக் கட்டிக்கிடுதியான்னு கேட்டாலும் சரி, அவனே அவளக் கேக்கட்டும். நாம ரெண்டு பேரும் பக்கத்துல நிக்க வேண்டாம்.

அவ என்ன சொல்லுவாளா? சத்தியமாத் தெரியாது மதினி. அந்த இடத்த மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல.